எங்கே நின்றது என்று பார்க்கவில்லை

ஃபார்மட் போடத் தேவையே இல்லாத கம்ப்யூட்டர்களுக்கு ஃபார்மட் போட்டுக் காசு வாங்கியிருக்கிறேன். தெரியாமல் செய்த காலம் ஒன்று உண்டு. தெரிந்தே செய்த காலமும் ஒன்று உண்டு. இரண்டாவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பள்ளிபாளையத்தில் எனக்கு ஒரு சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. பார்ட்ஸ் எல்லாம் அங்கேதான் வாங்குவேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் விசைத்தறிக்காரர்கள். மீதிப் பேர் படிக்கிற பிள்ளைகள், அதிலும் பெரும்பாலும் தறி ஓட்டுகிறவர்களின் பிள்ளைகள்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. கொஞ்ச நாளில் எங்கள் பக்கத்துப் பிளஸ் டூ பிள்ளைகள், கல்லூரிப் பிள்ளைகள் கையிலெல்லாம் அது வந்துவிட்டது. பல வீடுகளில் முதன்முதலாக நுழைந்த கம்ப்யூட்டரே அதுதான். அதில் விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் என இரண்டு சிஸ்டம்கள் இருந்தன. பாஸ் என்பது டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக் உருவாக்கியது. லேப்டாப்பை ஆன் செய்ததும் எதற்குள் போக வேண்டும் என்று கேட்டு ஒரு பட்டியல் வரும்.

பிள்ளைகளுக்கு லினக்ஸ் பழக்கமில்லை. படமும் பாட்டும் ஏற்றிக்கொள்ள இடம் வேண்டும். யாரோ சொல்லிக்கொடுத்ததைக் கேட்டு, விண்டோஸுக்குள் இருந்தபடியே லினக்ஸ் பார்ட்டிஷனை டெலீட் செய்துவிடுவார்கள். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. மறுநாள் ஆன் செய்தால் விண்டோஸும் வராது. கறுப்புத் திரையில் அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அதற்குக் கீழே ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்று எழுதி ஒரு கர்சர் விட்டு விட்டு மின்னும். அப்பாவுக்குத் தெரிந்தால் அடி விழும் என்ற பயத்தோடு என் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

“ஓஎஸ் போயிருச்சு கண்ணு. ஃபார்மட் போடோணும்.”

“உள்ள இருக்கறதெல்லாமுங்ணா?”

“எல்லாம் போயிரும்.”

இந்த மூன்று வரிப் பேச்சு என் கடையில் சலிக்காமல் நடந்துகொண்டே இருந்தது. போனவற்றில் கல்லூரி புராஜெக்ட் இருந்தது. அக்கா கல்யாணத்து போட்டோக்கள் இருந்தன. வேலைக்கு அனுப்ப ஸ்கேன் செய்து வைத்த சர்ட்டிபிகேட்டுகள் இருந்தன. நான் 400 ரூபாய் வாங்கிக்கொண்டு, துடைத்து எடுத்த லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

உண்மையில் அங்கே விண்டோஸுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அந்தக் காலத்து மெஷினில் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது மதர்போர்டு சிப்பில் இருக்கும் பயாஸ். மெமரி இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அது டிஸ்க்கின் முதல் செக்டாரைப் படிக்கும். அந்தச் செக்டார் 512 பைட். அதில் 446 பைட் நிரலுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் ஓர் அடையாள முத்திரைக்கு. 446 பைட்டுக்குள் பெரிய வேலை எதுவும் செய்ய முடியாது. பக்கத்துச் செக்டார்களில் கிடக்கும் அடுத்த துண்டை மெமரிக்கு இழுத்து வரும், அவ்வளவுதான். அந்தத் துண்டு தன் மீதி ஃபைல்களையும் பட்டியலையும் தேடி லினக்ஸ் பார்ட்டிஷனுக்குப் போகும். இந்த மொத்த ஏற்பாட்டுக்கும் பேர் பூட் லோடர். பாஸ் லினக்ஸில் இருந்த பூட் லோடரின் பேர் க்ரப்.

பிள்ளைகள் அழித்தது க்ரப்பின் மீதிப் பாதி இருந்த பார்ட்டிஷனை. முன்பாதி மட்டும் டிஸ்க்கின் தலையில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத இடத்தைத் தேடி நின்றது. விண்டோஸ் பார்ட்டிஷனில் ஒரு பைட்கூடக் குறையவில்லை. அதைக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. விண்டோஸ் டிவிடியைப் போட்டு ரிப்பேர் பகுதிக்குள் போய், அந்த 446 பைட் இடத்தில் விண்டோஸின் சொந்த நிரலை எழுதச் சொல்லும் ஒரே ஒரு கட்டளை போதும். பார்ட்டிஷன் அட்டவணையைக்கூட அது தொடாது. போட்டோ, புராஜெக்ட் எதையும் தொடாது.

இது எனக்கு அப்போது தெரியாது. யாரிடமும் கேட்கவும் இல்லை. திரையில் எழுதியிருந்த அந்த ஒரு வரியை நான் வாசித்ததே இல்லை. கறுப்புத் திரை தெரிந்ததும் கை டிவிடிப் பெட்டிக்குப் போய்விடும்.

அடுத்து 2012 மின்வெட்டு. சென்னைக்கு வெளியே இருந்தவர்கள் அந்த ஆண்டை மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் பக்கம் நாளில் பாதி நேரம் கரன்ட் இல்லை. தறிகள் நின்றன, கூலி நின்றது. பட்டறை ஆபீஸ்களில் யுபிஎஸ் பேட்டரி செத்துப்போன டெஸ்க்டாப்கள் எழுதிக்கொண்டிருந்த பாதியில் அணைந்தன. அப்படி அணைகிற மெஷின் மறுபடி எழும்போது, டிஸ்க்கில் எழுதியது பாதி, எழுதாதது பாதி என்று ஃபைல் சிஸ்டம் குழம்பிக் கிடக்கும். வைரஸ் தொல்லைக்குப் பயந்து லினக்ஸ் போட்டுக்கொண்டவர்கள் எங்கள் ஊரில் சிலர் இருந்தார்கள். அந்த மெஷின்களும் என்னிடம் வந்தன. அவற்றில் பூட் லோடர் தன் வேலையைச் சரியாகவே முடித்திருந்தது. நின்றது அதற்கு அடுத்த படியில்.

பூட் லோடரின் கடமை இரண்டு பொருள்களை மெமரியில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்வது. ஒன்று கெர்னல். சுருக்கிக் கட்டிய மூட்டையாக இருக்கும் அது, தன்னைத் தானே விரித்துக்கொண்டு மெமரி, பிராசஸர், டிஸ்க் எல்லாவற்றையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். ஆனால் டிஸ்க்கைப் படிக்க அதற்கு டிரைவர் வேண்டும். அந்த டிரைவர் இருப்பதோ அதே டிஸ்க்கில். இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் இரண்டாவது பொருள்: இனிட்ராம்எஃப்எஸ். அது மெமரிக்குள்ளேயே இயங்கும் ஒரு குட்டித் தற்காலிக லினக்ஸ். தேவையான டிரைவர்களும் நாலைந்து கருவிகளும் அதில் இருக்கும். அது உண்மையான டிஸ்க்கைக் கண்டுபிடித்து, ஃபைல் சிஸ்டத்தைப் பொருத்தி, அந்த டிஸ்க்கில் இருக்கும் இனிட் என்ற முதல் புரோகிராமிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு மறைந்துவிடும். இனிட்டின் எண் 1. லினக்ஸில் நாம் பார்க்கிற லாகின் திரை, நெட்வொர்க், பிரிண்டர் எல்லாமே அந்த ஒன்றாம் எண்ணுக்குப் பிறந்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

கரன்ட் போய்க் குழம்பிய ஃபைல் சிஸ்டம் என்றால், மெஷின் சில சமயம் இந்தக் குட்டி லினக்ஸிலேயே நின்றுவிடும். சில சமயம் இனிட்டின் ஆரம்பத்தில் நிற்கும். எங்கே நின்றாலும் திரையில் தெளிவாகவே எழுதும்: ஃபைல் சிஸ்டத்தில் முரண்பாடு இருக்கிறது, சரிபார்க்கும் கருவியைக் கையால் ஓட்டு என்று. எந்தக் கருவி என்று பெயரும் சொல்லும். எந்தப் பார்ட்டிஷன் என்றும் சொல்லும். ஓட்டினால் பெரும்பாலும் சில நிமிஷத்தில் சரியாகிவிடும். என்ன கோளாறு, என்ன வைத்தியம் என்று மெஷினே சொன்னதை வாசிக்காமல் நான் துடைத்தேன்.

இதையெல்லாம் எனக்குக் காட்டியவன் திருச்செங்கோடு பக்கம் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன். ஒருநாள் லேப்டாப்போடு வந்தான். அதே ‘க்ரப் ரெஸ்க்யூ’ திரை. “ஃபார்மட்டெல்லாம் வேண்டாமுங்ணா, விண்டோஸ் டிவிடி மட்டும் கொஞ்சம் குடுங்க” என்றான். என் ஸ்டூலில் உட்கார்ந்து, டிவிடியைப் போட்டு, கறுப்பு ஜன்னலில் ஒரு வரி அடித்தான். டிவிடியை வெளியே எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தான். விண்டோஸ் வந்தது. டெஸ்க்டாப்பில் அவன் வைத்திருந்த ஃபைல் எல்லாம் அப்படியே இருந்தது. “எவ்வளவுங்ணா?” என்று கேட்டான். எனக்குப் பேச்சு வரவில்லை. காசு வேண்டாம், இதை எனக்குச் சொல்லிக்கொடு என்றேன். சொல்லிக்கொடுத்தான், பொறுமையாக, என் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கட்டம் கட்டமாக வரைந்து: பயாஸ், பூட் லோடர், கெர்னல், இனிட்.

என் அப்பா தறி ஓட்டினவர். ஓடுகிற தறி நின்றால் பாவு இழை அறுந்ததா, நாடாவில் ஊடை தீர்ந்ததா, பெல்ட் கழன்றதா என்றுதான் பார்ப்பார். நின்ற தறியைப் பிரித்து, பாவையெல்லாம் அறுத்து வீசிவிட்டுப் புதுப் பாவு ஏற்றுகிறவனை எந்தப் பட்டறையிலும் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள். அவர் மகன் நான் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்று அன்றைக்குப் புரிந்தது.

அதன் பிறகு படித்தேன். பழைய மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு வேண்டுமென்றே பூட் லோடரை அழித்தேன், இனிட்ராம்எஃப்எஸ் ஃபைலுக்குப் பேர் மாற்றினேன், ஒவ்வொரு தடவையும் எப்படி நிற்கிறது, என்ன எழுதுகிறது என்று பார்த்தேன். அந்தப் பையன் பட்டியலில் கடைசியாக எழுதிய இனிட் அப்போது மாறிக்கொண்டிருந்த காலம். பழைய இனிட், எண் போட்ட ஸ்கிரிப்டுகளை வரிசையாக ஒவ்வொன்றாக ஓட்டும்; ஒன்று சிக்கினால் பின்னால் உள்ளவை காத்திருக்கும். 2010-இல் வந்த சிஸ்டம்டி, எது எதற்கு எது எது தேவை என்று கணக்குப் போட்டு, முடிந்ததையெல்லாம் ஒரே நேரத்தில் கிளப்பும். டெபியனில் இதற்காகப் பெரிய சண்டையே நடந்தது. 2014-இல் அவர்களுடைய தொழில்நுட்பக் குழு சரிபாதியாகப் பிரிந்து, தலைவர் ஓட்டில்தான் சிஸ்டம்டி வென்றது. 2015-இல் டெபியன் 8 அதோடு வெளிவந்தது. ஒரு சாரார் பிரிந்து போய் டெவுவான் என்று தனி லினக்ஸே தொடங்கினார்கள். இவ்வளவையும் ஆசையாகத் தெரிந்துகொண்டேன்.

தெரிந்துகொண்ட பிறகும் ஃபார்மட் போட்டேன்.

காரணம் சொல்கிறேன், சமாதானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கே நின்றது என்று பார்க்க ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும், திரையை வாசிக்க வேண்டும், யோசிக்க வேண்டும். ஃபார்மட்டுக்கு யோசனை வேண்டாம். டிவிடியைப் போட்டுவிட்டு அடுத்த மெஷினைப் பார்க்கலாம். ஐந்து நிமிஷத்தில் சரிசெய்து கொடுத்தால் 400 ரூபாய் கேட்க வாய் வராது. கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள். சாயங்காலம் வாங்க என்று சொல்லி வைத்திருந்து கொடுத்தால் மறுபேச்சில்லாமல் கொடுப்பார்கள். கடை வாடகை, பிள்ளைகள் ஃபீஸ் எல்லாம் எனக்கும் இருந்தன. முக்கியமானவர்கள், சத்தம் போடுகிறவர்கள் மெஷின் என்றால் பார்த்துச் சரிசெய்வேன். பயந்துகொண்டு நிற்கிற பிள்ளை என்றால் “ஓஎஸ் போயிருச்சு கண்ணு” என்பேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் நடந்தது இதுதான். ஆள் பார்த்துச் செய்தேன்.

இதில் மிகப் பெரிய கெடுதல் ஒரு தறிப்பட்டறைக் கம்ப்யூட்டருக்குச் செய்தது. வாங்கிவந்து பாகம் பாகமாகச் சேர்த்த டெஸ்க்டாப், உள்ளே லினக்ஸ். சொந்தக்காரப் பையன் ஒருவன் இரண்டாவது டிஸ்க் ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் அதுவும் தானாகச் சேர்ந்துகொள்ளும்படி எஃப்எஸ்டேப் என்ற ஃபைலில் ஒரு வரி எழுதி வைத்திருந்தான். பட்டறைக் கணக்கின் நகல் அந்த இரண்டாவது டிஸ்க்கில் ஏறும். அசல் முதல் டிஸ்க்கில்.

இரண்டாவது டிஸ்க் ஒருநாள் செத்துப்போனது. இனிமேல் நடப்பது எனக்கு மனப்பாடம். க்ரப் வந்தது, கெர்னல் வந்தது, சிஸ்டம்டி வந்தது. அது எஃப்எஸ்டேப்பை வாசித்தது, அந்த டிஸ்க்குக்காக ஒன்றரை நிமிஷம் காத்திருந்தது, வரவில்லை என்றதும் அவசர நிலைக்குப் போய் நின்றது. ரூட் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே வா, என்ன ஆனது என்று பதிவேட்டைப் பார் என்று சிஸ்டமே சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வரியின் முன்னால் ஒரு குறி போட்டு அதை முடக்கியிருந்தால் போதும், மெஷின் எழுந்திருக்கும். முதல் டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை.

அன்று சனிக்கிழமை. கூலி போடுகிற நாள். கடையில் கூட்டம். அவசர நிலை என்ற எழுத்தைப் பார்த்தேன், வாசித்தேன், பிறகு பார்க்கலாம் என்று நினைத்தேன். அப்புறம் கை தானாகப் போய் முதல் டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாக இன்ஸ்டால் செய்துவிட்டது. கணக்கு எங்கே என்று முதலாளி கேட்டபோது, “ஹார்டு டிஸ்க் போயிருச்சுங்க” என்றேன். ஒரு டிஸ்க் போயிருந்தது உண்மைதான். கணக்கு இருந்தது அதில் மட்டுமல்ல என்பதை நான் சொல்லவில்லை. செத்த டிஸ்க்கை எடுத்துக் கையில் கொடுத்து என் பொய்யை நம்பவைத்தேன்.

அந்தக் கணக்கு என்ன தெரியுமா? தறி ஓட்டுகிறவர்களின் முன்பணக் கணக்கு. எங்கள் ஊரில் தறிக்குச் சேரும்போது முன்பணம் வாங்குவார்கள். கல்யாணம், ஆஸ்பத்திரி என்று மேலும் வாங்குவார்கள். வாரக் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். பாக்கி தீராமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது. அந்த எண்தான் அவர்கள் எங்கே, எத்தனை காலம் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. முதலாளி ஞாபகத்திலிருந்தும் துண்டுச் சீட்டுகளிலிருந்தும் கணக்கைத் திரும்ப எழுதினார். வேண்டுமென்று ஏமாற்றுகிற மனிதர் இல்லை அவர். ஆனால் கொடுத்தது ஞாபகம் இருக்கிற அளவுக்குக் கழித்தது ஞாபகம் இருக்காது. அங்கே ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர், “பொங்கலுக்கு முன்னால கழிச்சது இதுல வரலீங்களே” என்று கேட்டிருக்கிறார். காட்டச் சீட்டு இல்லை. என்னிடம் டீக்கடையில் அவரே சொன்னார், கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சாம் என்று. நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தப்பான அப்டேட்டால் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த மென்பொருளின் டிரைவர், கெர்னலோடு சேர்ந்து ஆரம்பத்திலேயே ஏறுவது. அதனால் ஆன் செய்யும்போதெல்லாம் மெஷின் நீலத் திரையில் விழுந்தது. ஆஸ்பத்திரிகளிலும் வங்கிகளிலும் இருந்த டெக்னீஷியன்கள் மெஷின் மெஷினாகப் போய், சேஃப் மோடில் எழுப்பி, ஒரே ஒரு ஃபைலை அழித்தார்கள். ஃபார்மட் போட்டுவிட்டுப் போவது அவர்களுக்கும் தெரியும். அடுத்தவர் டேட்டா என்பதால் உட்கார்ந்து பார்த்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் இல்லை.

அந்த வாரமே பட்டறைக்குப் போய் முதலாளியிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அன்னைக்கே சொல்லியிருந்தா ஆளுங்க கணக்கையாவது பேசித் தீர்த்திருக்கலாமுங்க” என்றார். அந்தத் தறிக்காரர் அதற்குள் அங்கிருந்து போய்விட்டார். எங்கே என்று கேட்டதற்கு யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அவருக்குக் கணக்கில் விட்டுப்போன பணம் எவ்வளவு என்பது எனக்கும் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. அது என் தலையில் இருக்கிற கடன்.

இப்போது கடையில் எந்த மெஷின் வந்தாலும் எந்தப் படியில் நிற்கிறது என்று முதலில் சீட்டில் எழுதுகிறேன். உங்கள் மெஷின் எழாமல் திரையில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் எஸ்கேப் கீயை அழுத்துங்கள்; பெரும்பாலான லினக்ஸில் பின்னால் ஓடும் வரிகள் தெரியும். திரையை உங்கள் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடைக்குப் போனாலும் அதைக் காட்டி, டேட்டாவை வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்த பிறகுதான் ஃபார்மட் என்று சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள்.

பள்ளிபாளையம், வெப்படை, குமாரபாளையம் பக்கத்தில் அந்தக் காலத்தில் அரசு லேப்டாப்பை என்னிடம் ஃபார்மட் போட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃபார்மட் போடும்போது பெரும்பாலும் டிஸ்க்கின் அட்டவணைதான் புதிதாகிறது. மேலே வேறு எதுவும் எழுதப்படாத இடங்களில் பழைய போட்டோக்கள் இன்னமும் கிடக்கலாம். டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் என்ற இலவசக் கருவிகளால் அவற்றைத் தேடிப் பார்க்க முடியும். எல்லாம் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் அந்த லேப்டாப் பரணில் கிடந்தால் கொண்டு வாருங்கள். காசு வேண்டாம். ஓடுகிறதா என்று ஆன் செய்து பார்க்க வேண்டாம். ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் டிஸ்க்கில் புதிதாக ஏதாவது எழுதும். அப்படியே கொண்டு வாருங்கள்.